ஊறப்போடாத பயறு

சிறுபயறு அலுமினியப் பாத்திரத்தில் விழும்போது ஒரு சத்தம் வரும். முதல் பிடிக்கு மழை தொடங்கிய மாதிரி இருக்கும். அடுத்த பிடிக்கு மழை வலுத்த மாதிரி. அப்புறம் பயறு பயறின்மேலேயே விழுந்து சத்தம் தன்னைத்தானே விழுங்கிவிடும். நேற்று சாயங்காலம் எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து அது கேட்டது. வெளியே நிஜ மழையும் இருந்தது. எது மழை, எது பயறு என்று காது தடுமாறிய நேரத்தில், கூடத்தில் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள்.

"அப்போ நாளைக்கு ஸ்கூல் உண்டு அத்தா," என்றாள்.

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் சில விஷயங்கள் சிரிப்பாக மாறுவதற்கு முன் நெஞ்சுக்குள் நெடுநாள் ஊற வேண்டியிருக்கிறது.

போன மழைக்காலத்தில் அவள் பத்தாம் வகுப்பு. பள்ளிப் பத்திரிகைக்கு ஆசிரியர். பத்திரிகை என்றால் மாதம் ஒருமுறை வரும் நான்கு பக்கம். அச்சாபீஸ் என் கடை. அரண்மனைப் பக்கத்திலிருந்து பஜார் சாலைக்கு இறங்குகிற சந்தில், சுக்குக் கிடங்குக்கும் சாயாக்கடைக்கும் நடுவே, இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் மழையில் நிற்கிற அளவுக்கு ஒரு கடை. போட்டோஸ்டாட், டைப்பிங், லேமினேஷன். மழைக்காலத்தில் காகிதம் ஈரம் குடித்துச் சுருண்டு மிஷினுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அதற்காகக் காகித அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பைப் பகலிலும் எரிய விட்டிருப்பேன், கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு வைப்பதுபோல. அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் தாள்கள் எதையோ எதிர்பார்த்துக் கண் விழித்திருப்பதாக எனக்குத் தோன்றும்.

பத்திரிகை மலையாளத்தில். கடைசிப் பக்கத்தில் பாதி மட்டும் தமிழ். எங்களைப்போல தலைமுறையாக இங்கே கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகளும், கட்டிட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் அந்தப் பள்ளியில் உண்டு. என் மகள் தமிழில் சண்டை போடுவாள், தூக்கத்தில் தமிழில் உளறுவாள். எழுதுவது மட்டும் மலையாள எழுத்தில். தமிழ் வாக்கியங்களை மலையாள எழுத்தில் எழுதிக் கொண்டுவருவாள். நான் வாய்விட்டுப் படித்துத் தமிழில் அடிப்பேன். என் வீட்டுப் பேச்சு பக்கத்து வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து நிற்கும். நான் சட்டையை மாற்றி அனுப்புவேன்.

ஆனால் மழைக்கு மாதப் பத்திரிகை போதாது. விடாமல் நாலு நாள் பெய்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு செய்திதான் செய்தி: நாளைக்கு லீவு உண்டா. கலெக்டர் சாயங்காலம் தன் இணையப் பக்கத்தில் அறிவிப்பார். அதுவரை பிள்ளைகள் அந்தப் பக்கத்தின் அடியில் வரிசை கட்டி மன்றாடுவார்கள். சார், எங்க வீட்டுக்குள்ள மீன் வந்திருச்சு. சார், யூனிஃபார்ம் காயவே இல்ல. கலெக்டர் மாமா, நாளைக்குக் கணக்குப் பரீட்சை, உங்களுக்கும் பிள்ளைங்க இருக்காங்கல்ல. இந்தச் சந்தையில்தான் என் மகளின் பத்திரிகை போனில் ஒரு சேனல் தொடங்கிக் கலெக்டரையே முந்தியது. இரண்டு தடவை. இரண்டு தடவையும் சேனலில் வந்த வாசகம் ஒன்றுதான்: "நாளை லீவு. சமையலறை வட்டாரங்கள் தெரிவிக்கின்றன."

அந்த வாசகம் மகளுடையது இல்லை. தோழியுடையது. தலைமை நிருபர். தடித்த கண்ணாடி போட்ட மலையாளிப் பெண். டிவியில் செய்தி வாசிக்கிற எல்லோருடைய குரலும் அவளுக்கு வரும். சாயா கேட்டால்கூட 'சற்றுமுன் கிடைத்த தகவல்' என்று தொடங்குவாள். சமையலறையில் யாரோ இவர்களிடம் சொல்கிறார்கள் என்று ஊரைப்போல நானும் நினைத்திருந்தேன். உண்மையில் நடந்தது வேறு. பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. படிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பு மேல் மாடியில். வராந்தாவின் கடைசித் தூணருகே நின்றால் கீழே பள்ளிச் சமையலறையின் ஜன்னல் தெரியும். ஜன்னலுக்குள் மேடைமேல் ஓர் அண்டா. அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை மதியச் சோறு உண்டு, சோற்றுக்குச் சிறுபயறு. மறுநாள் பயறை முந்தின சாயங்காலமே ஊறப்போட வேண்டும். லீவு வரும்போல இருந்தால் தலைமையாசிரியைக்கு மேலேயிருந்து முன்கூட்டியே ஒரு சொல் வரும். அவர் உடனே சமையலறைக்கு ஆள் அனுப்புவார், பயறு போட வேண்டாம் என்று. ஊறிய பயறு ஒரு நாள் கிடந்தால் புளித்து நாறும். ஆக, அண்டா நிமிர்ந்திருந்தால் பள்ளி, கவிழ்ந்திருந்தால் லீவு. கலெக்டர் வாய் திறப்பதற்கு முன்பே அண்டா சொல்லிவிடும்.

அண்டா சொன்னது என்று எழுதினால் யார் மதிப்பார்கள். வட்டாரம் என்றால் ஒரு கம்பீரம். அந்த வட்டாரத்தில் மொத்தமே ஒரே ஒரு மனுஷிதான் இருக்கிறாள் என்பது இரண்டு பெண்களுக்கும் தோன்றவில்லை.

அந்த வியாழக்கிழமை அண்டா கவிழ்ந்திருந்தது. "நாளை லீவு. சமையலறை வட்டாரங்கள் உறுதி செய்தன." சாயங்காலம் கலெக்டர் ஒன்றும் சொல்லவில்லை. மனிதர் தாமதிக்கிறார் என்று பிள்ளைகள் பொறுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை பள்ளி மணி அடித்தது. பாதிப் பிள்ளைகள்கூட வரவில்லை. என் மகளும் போகவில்லை, தோழியும் போகவில்லை. தங்கள் செய்தியைத் தாங்களே நம்பிப் போர்த்திப் படுத்த பத்திரிகைக்காரர்களை நான் அன்றுதான் பார்த்தேன்.

அண்டா கவிழ்ந்ததற்குக் காரணம் மழை இல்லை. அந்த வாரத்திலிருந்து மதியச் சோற்றுக்குப் புது ஏற்பாடு: வெள்ளிக்கிழமை பயறு கிடையாது, காய்கறி பிரியாணி. பந்தியில் உட்காருகிற எல்லாக் குழந்தைக்கும் அது தெரியும். ஐந்தாம் வகுப்பில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும். பத்தாம் வகுப்புக்குப் பள்ளியில் சோறு இல்லை. தாங்கள் தின்னாத சோற்றை வைத்து இந்த இருவரும் வானிலை சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கென்று மதியச் சோற்றைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். அவர் கண்டது ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பிரியாணி, அதன்முன் பாதிக்குமேல் காலியான பெஞ்சுகள், கரண்டியோடு நிற்கும் ஒரு பெண். யாரோ போனை எடுத்து அவருக்குச் சேனலைக் காட்டினார்கள்.

மத்தியானம் தலைமையாசிரியை எனக்குப் போன் செய்தார். குரலை உயர்த்தவே மாட்டார். மலையாளத்தில், அடிக்கோடு போட்டதுபோலப் பேசுவார். திங்கட்கிழமை பள்ளி விட்டதும் மதியச் சோற்றுக் கமிட்டி கூடுகிறது, மகளோடு வர வேண்டும் என்றார். பத்திரிகையைப் பற்றியா என்று கேட்டேன்.

"பத்திரிகையைப் பத்தி அப்புறம். சமையல்காரியை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்பதுதான் விஷயம். ஆபீஸ் விஷயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, இத்தனை சோற்றையும் வீணாக்கியிருக்கிறாள் என்று கமிட்டியில் சொல்கிறார்கள்."

நான் மகளிடம் சொன்னேன். அவள் முகம் வெளிறியது தெரிந்தது. அறைக்குள் போய்விட்டாள். மறுநாள் சனிக்கிழமை தோழியோடு கடைக்கு வந்தபோது கையில் ஒரு தலையங்கம் இருந்தது. சிறப்பு இதழாம், ஒற்றைத் தாள், முன்பக்கம் மலையாளம், பின்பக்கம் தமிழ். தலைப்பு: செய்தி தந்தவரைக் காட்டிக்கொடுக்க மாட்டோம்.

நான் படித்துக்கொண்டே அடித்தேன். எழுத்து நன்றாக இருந்தது. சுதந்திரம், மிரட்டல், உண்மையின் கழுத்து என்றெல்லாம் போய்க்கொண்டிருந்தது. பதினைந்து வயதில் எல்லோருக்கும் கிடைக்கிற வாள் அது. எந்தப் பக்கம் கூர் என்று வாளும் சொல்லாது.

"இதை அடிக்கணுமா?" என்று கேட்டேன்.

"அடிக்கணும் அத்தா. பின்னே நாங்க எந்தினு பத்திரிகை நடத்தறோம்?"

தோழி டிவிக் குரலில் சேர்ந்துகொண்டாள். "அங்கிள், வரலாறு காத்திருக்கிறது. டோனர் இருக்கா?"

மிஷினை ஓடவிட்டேன். தாள்கள் சுடச்சுட விழத் தொடங்கின. அப்போது வாசலில் ஒரு குடை மடங்கியது.

பள்ளியில் சமைக்கிற பெண்தான். எனக்கு முன்பே தெரியும். கம்பத்துப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். புருஷன் வல்லார்பாடத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். முதுகு போய், ஒரு வருஷமாக வீட்டில் படுத்த படுக்கை. பிளாஸ்டிக் கவரிலிருந்து ரேஷன் கார்டையும், பள்ளியில் வேலைக்கு வைத்தபோது கொடுத்த கடிதத்தையும் எடுத்து நீட்டினாள்.

"பாய், இது ரெண்டும் ஒரு காப்பி. திங்கக்கிழமை கமிட்டிக்குக் காட்டணுமாம்."

அப்புறம்தான் மகளைப் பார்த்தாள்.

"ஓ. பத்திரிகை ஆபீஸ் இங்கதானா."

அவள் மிஷின் தட்டில் விழுந்த ஒரு தாளை எடுத்தாள். விரலை உதறிக்கொண்டாள்.

"நல்ல சூடு. என் பிரியாணிகூட அன்னிக்கு இவ்வளவு சூடா இல்ல, ஆறிப்போச்சு." தாளைத் திருப்பித் தமிழ்ப் பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோய், எழுத்துக்கூட்டுகிற குழந்தை மாதிரி மெதுவாக, சத்தமாகப் படித்தாள். "'எத்தனை மிரட்டல் வந்தாலும் எங்களுக்குச் செய்தி தந்தவர் யார் என்று சொல்ல மாட்டோம்.'" நிறுத்தினாள். "யாரு பாப்பா அது?"

தோழி பல்பைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். அந்த அடுக்களையில நானும் ஒரு பூனையும்தான். பூனைக்கு மலையாளம் வராது. நான் உங்ககிட்ட எப்போ பேசினேன்?"

"பேசல்ல சேச்சி," என்றாள் மகள்.

"பின்னே?"

"மேல வராந்தாவில இருந்து பாத்தோம். ஜன்னல் வழியா. அண்டாவ."

"அண்டாவ."

"கவுந்திருந்தா லீவு. நிமிந்திருந்தா ஸ்கூல். அங்ஙனதான் எப்பவும்."

அவள் என்னைப் பார்த்தாள். "பாய், இது நீங்க பெத்ததுதானே?"

"ஆமா."

"நல்லா பெத்தீங்க." திரும்பவும் மகளிடம்: "புள்ளே, வெள்ளிக்கிழமை பிரியாணினு பந்தி வாசல்ல போர்டுல சாக்பீஸால எழுதிப் போட்டிருக்கே. கண்ணு தெரியாதா?"

"நாங்க அந்தப் பக்கம் வர்றதில்ல. எங்களுக்குச் சோறு இல்லல்லோ."

"அது படிச்சாலே தெரியுது." தாளை மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினாள், மாவுப் பலகையை நீவுவதுபோல. "கமிட்டியில பாத்திரக்கடைக்காரர் இருக்காரே, அவருக்கு வேண்டிய ஒருத்தி ரெண்டு மாசமா ரெடியா நிக்கிறா. ஒரு காரணம்தான் இல்லாம இருந்துச்சு. குடுத்துட்டீங்க. இப்போ இதுல சொல்ல மாட்டேன் சொல்ல மாட்டேன்னு எழுதியிருக்கீங்க. நீங்க சொல்ல மாட்டேன்னா யாருன்னு ஊருக்குத் தெரியாதா? இதுக்கு என் போட்டோவையே போட்டிருக்கலாம், பாக்க நல்லா இருந்திருக்கும்."

நான் மிஷினை நிறுத்தினேன். அது நின்ற பிறகுதான் எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. மழை வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

தோழி மகளின் காதருகே, டிவிக் குரல் இல்லாமல், சொந்தக் குரலில் மலையாளத்தில் சொன்னாள். எனக்குக் கேட்டது. அண்டாவைப் பார்த்து எழுதினோம் என்று சொன்னால் இனி ஒருத்தரும் நம்மைப் படிக்க மாட்டார்கள், சிரித்தே கொன்றுவிடுவார்கள்.

சமைக்கிறவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். நான் எடுத்துக் கொடுத்த நகல்களை வாங்கிக் கவருக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள். "சிரிப்பாங்கனு பயமா? என்னைப் பாத்து இப்போ யாருமே சிரிக்கல பாப்பா."

குடையை விரித்து இறங்கினாள். அலமாரியில் பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

அச்சடித்த தாள்களை நான் கிழிக்கத் தொடங்கினேன். தோழி நகத்தைக் கடித்தபடி, "அங்கிள், அதைக் கிழிச்சா மட்டும் போதாது," என்றாள். தலையங்கத்தைக் காலையிலேயே சேனலில் போட்டுவிட்டாளாம். போனை வாங்கிப் பார்த்தேன். அடியில் இதயங்கள், கைதட்டல்கள். துணிச்சல், துணிச்சல். அவற்றுக்கு நடுவே ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நல்ல மனதோடு எழுதியிருந்தது: சமையல்காரச் சேச்சிக்கு நன்றி, அடுத்த லீவும் சொல்லுங்க.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மகள் வீட்டில் நடந்துகொண்டே இருந்தாள். ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து ஜன்னலுக்கு. மதியம் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாள். சாயங்காலம் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தா, பொய் எழுதியிருந்தா, அது பொய்னு சொல்லிடலாம். முட்டாள்தனத்தை எப்படித் திருத்தறது?"

அது தெரிந்திருந்தால் நான் ஏன் இத்தனை வருஷமாக அடுத்தவர்கள் எழுதியதை நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் போனை எடுத்து, தோழியிடம்கூடக் கேட்காமல், சேனலில் போட்டாள்: எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சமையலறை வட்டாரம் என்று ஒன்று இல்லை. மாடியிலிருந்து ஓர் அண்டாவைப் பார்த்து நாங்களாக எழுதினோம். அண்டாவும் தப்பாகச் சொல்லவில்லை. நாங்கள்தான் தப்பாகப் படித்தோம்.

போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். சிரிப்பு வரும் என்று காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் நம்பவில்லை. சேச்சியைக் காப்பாத்தறாங்க, என்ன நல்ல பிள்ளைங்க, என்று எழுதியிருந்தார்கள். அண்டா சொல்லுச்சாம், நல்ல கதை, என்று ஒருவர் கண்ணடித்திருந்தார். சனிக்கிழமை தலையங்கம் அவ்வளவு நன்றாக இருந்துவிட்டது.

திங்கட்கிழமை தலைமையாசிரியையின் அறை. ஈரக்குடைகள் ஒரு மூலையில் நின்று தண்ணீர் சொட்டின. மேஜைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியை, பக்கத்தில் பாத்திரக்கடைக்காரர், வெள்ளை வேட்டி, மடித்த கைக்குட்டை, ஆசிரியர்கள் சார்பில் கணக்கு சார், இரண்டு தாய்மார். சமைக்கிற பெண்ணின் நகல்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவளைக் கூப்பிடவில்லை. முடிவெடுத்தபின் சொல்லிக்கொள்ளலாமாம். என் மகளும் தோழியும் சுவரோரம் நின்றார்கள். இருவர் தோளும் ஒட்டியிருந்தது.

மகள் சொன்னாள். திக்காமல், மலையாளத்தில், ஞாயிற்றுக்கிழமை எழுதியதையே சொன்னாள்.

பாத்திரக்கடைக்காரர் கனிவாகக் கேட்டுக்கொண்டார். அந்தக் கனிவுதான் பயமுறுத்தியது. "மோளே, உன் நல்ல மனசு எனக்குப் புரியுது. ஆனா பாரு, சனிக்கிழமை சொன்னவரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்னு எழுதினே. ஞாயிற்றுக்கிழமை அண்டா சொல்லுச்சுன்னு எழுதறே. இதுல நாங்க எதை நம்ப?"

"ரெண்டாவதை."

"மூணாவது மாடியில இருந்து அண்டாவுக்குள்ள பயறு தெரியுமா? கழுகுக்கண்ணா உனக்கு?" தாய்மாரில் ஒருத்தி வாய்க்குள் சிரித்தாள். அவர் காகிதம் ஒன்றைத் தலைமையாசிரியை பக்கம் நகர்த்தினார். "டீச்சர், நேரமாச்சு. புது ஆளை நாளைக்கே வரச் சொல்லிடலாம்."

தலைமையாசிரியை பேனாவின் மூடியைக் கழற்றினார். அந்தச் சின்ன 'டக்' இன்னும் எனக்குக் கேட்கிறது.

"டீச்சர்," என்றாள் மகள். "மேல வந்து பாருங்க. ஒரு தடவை. அப்புறம் ஒப்பு போடுங்க."

ஏறினோம். கமிட்டி முழுவதும் ஏறியது. பாத்திரக்கடைக்காரர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். மேல் வராந்தாவில் சாரல் குறுக்கே அடித்தது. கடைசித் தூணருகே எல்லோரும் கூட்டமாக நின்று கீழே பார்த்தோம். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மங்கல். மேடை. மேடைமேல் ஏதோ பளபளத்தது. ஆளைக் காணோம்.

"ஒண்ணும் தெரியலையே," என்றார் பாத்திரக்கடைக்காரர். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து மறுபடி மாட்டினார்.

கம்பியைப் பிடித்திருந்த மகளின் விரல்கள் வெளுத்திருந்தன. சமைக்கிற பெண் இன்று பயறு போடாமல் போய்விட்டால்? போவதுதானே நியாயம். நாளைக்கு இருப்போமா என்று தெரியாத இடத்தில் யார் நாளைக்கு ஊறப்போடுவார்கள். நான் அந்த ஜன்னலைப் பார்த்ததுபோல என் வாழ்க்கையில் எந்த ஜன்னலையும் பார்த்ததில்லை.

ஒரு கை வந்தது. வளையல் போட்ட கை, முழங்கைவரை மட்டும். ஒரு முறத்தைச் சாய்த்தது. மழைக்குள்ளிருந்து இன்னொரு மழை கிளம்பி மேலே ஏறி வந்தது. முதலில் கணீரென்று, அப்புறம் அடர்த்தியாக, அப்புறம் அடங்கி.

"நாளைக்கு ஸ்கூல் உண்டு," என்றாள் மகள், யாரிடமும் இல்லாமல்.

பாத்திரக்கடைக்காரர் கம்பிக்கு மேல் சாய்ந்தார். "அட, அந்த அண்டா நம்ம கடைச் சரக்காச்சே. ஓரத்துல நெளிவு இருக்கு பாரு, நான்தான் விலை தள்ளிக் குடுத்தேன்."

சொல்லி முடித்தபின்தான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. தலைமையாசிரியை அவரைத் திரும்பிப் பார்த்தார். "நெளிவுவரை தெரியுதா?"

அவர் கைக்குட்டையை மடித்தார்.

அப்போது கணக்கு சார் தொண்டையைச் செருமினார். அதுவரை அவர் வாயே திறக்கவில்லை. "டீச்சர், ஸ்டாஃப் ரூம் இதுக்கு நேர் கீழேதான். மழைக்காலத்துல நாங்களும்... இதைத்தான் பாக்கறது."

"எதை?"

"அண்டாவை."

"சாருமா?"

"எல்லாருமேதான் டீச்சர். வெள்ளிக்கிழமை பிரியாணினு எங்களுக்குத் தெரியும், அதனால வந்துட்டோம்."

தோழியின் தொண்டையிலிருந்து ஒரு விக்கல் போன்ற சத்தம் வந்து பாதியில் செத்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியை சாரலில் நனைந்தபடி கொஞ்ச நேரம் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் ரகசியங்கள் எல்லாம் எத்தனை மழைக்காலமாக அந்த வழியே ஒழுகியிருக்கின்றன என்று நினைத்திருப்பார். பிறகு, அடிக்கோடு போட்ட அதே குரலில் சொன்னார். சமையலுக்கு ஆளை மாற்ற வேண்டியதில்லை. ஜன்னலுக்குத் தகரம் அடிக்க வேண்டும். சேனல் இன்றோடு சரி. பத்திரிகை பரீட்சை முடிகிறவரை வேண்டாம். நாளை காலை அசெம்ப்ளியில் மைக்கில், என்ன பார்த்தார்கள், என்ன எழுதினார்கள் என்று இரண்டு பெண்களும் பள்ளி முழுவதற்கும் சொல்ல வேண்டும்.

மகள் தலையாட்டினாள். அவ்வளவு நேரமும் பிடித்து வைத்திருந்த கம்பியை விட்டாள். உள்ளங்கையில் துருவின் கோடு.

நாங்கள் கீழே இறங்கி வந்தபோது சமைக்கிற பெண் வாசல் கேட்டருகே குடையோடு நின்றிருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தோழி என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு நான் வரவா, வேண்டாமா?" என்று கேட்டாள் அவள்.

"வரணும் சேச்சி," என்றாள் மகள்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. குடைக்காம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள், அவ்வளவுதான்.

"போகச் சொல்லிருந்தா? தெரியாமலே பயறு போட்டுட்டு வந்தீங்களே."

"எவ வந்தாலும் ஊறாத பயறை வேகவச்சா பிள்ளைக வயிறு வீங்கும். அதுல எனக்கு என்ன லாபம்?"

"சேச்சி, நாங்க அன்னிக்கு..."

"மன்னிப்பெல்லாம் நாளைக்கு மைக்ல கேளு. எங்கிட்ட வேண்டாம். எனக்கு இன்னும் கோவம் போகல." இரண்டடி நடந்தாள். நின்றாள். "மத்தியானம் பந்திக்கு வா."

"எங்களுக்குச் சோறு இல்லல்லோ சேச்சி."

"எழுதறவ தின்னு பாத்துட்டு எழுதணும். என் பங்குல இருந்து தர்றேன்." கேட்டைத் தாண்டிச் சாலையில் இறங்கியவள், திரும்பாமலே சொன்னாள். "தட்டு கொண்டு வா."